ஒகிமோத்தோவை வெளியே அனுப்பிய டீச்சர்

எங்கள் ஹமாசே ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கசுயா மிவாகோவிடம் கற்றுக்கொண்டவர்கள். ஓட்டுநர் பள்ளியில் அவர் திட்டி யாரும் கேட்டதில்லை. பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனால், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை அழுத்துவார். வண்டி நின்றதும், "இப்ப என்ன ஆச்சு, சொல்லுங்க" என்பார். நம் தப்பை நம் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு நாலு வசவு வாங்கியிருந்தால் தேவலை என்று இருக்கும். நான் பின்னால் வண்டி எடுக்கப் போய் ஆரஞ்சுக் கூடைகள் மேல் ஏற்றிய அன்றும் இதைத்தான் கேட்டார். பழச்சாறு தெறித்த கண்ணாடியைப் பார்த்தபடி நான் பதில் சொன்னேன்.

நான் முடிவெட்டுகிறவன். பெயர் ஹொரிகாவா. ஊரில் எல்லார் தலையும் என் நாற்காலிக்கு வந்தாக வேண்டும் என்பதால் எல்லார் வண்டவாளமும் எனக்குத் தெரியும். ஆனால் இப்போது சொல்லப்போவது அப்படிக் காதில் விழுந்த கதை இல்லை. பேஸ்பால் மைதானத்தில், இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில், வெயிலில், அம்பயர் தொப்பியோடு நின்று இரண்டு கண்ணாலும் பார்த்தது.

எங்கள் ஊரில் ஒரு பையன் பேஸ்பால் ஆடச் சேர்ந்தால் வீடே சேர்ந்த மாதிரிதான். அம்மாவுக்கு டீ முறை வரும். பார்லி டீ கொண்டுவர வேண்டும், கோச்சுக்கு ஐஸில் நனைத்த துண்டு நீட்ட வேண்டும், சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட வேண்டும். அப்பாவுக்கு அம்பயர் முறை. மிவாகோவின் மகன் சேர்ந்த வருஷம் அவர் கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குப் போயிருந்தார். அம்பயர் முறைக்கு ஆள் இல்லை என்று சங்கத்தில் முணுமுணுத்தார்கள். டீ முறையையும் செய்துவிட்டு, அம்பயர் முறைக்கும் மிவாகோவே வந்து நின்றார்.

முதல் நாள் அவர் "ஸ்ட்ரைக்" என்று சொன்னது முன்னால் குந்திப் பந்து பிடிக்கிற கேட்சருக்கே கேட்கவில்லை. வேலிக்கு வெளியிலிருந்து ஒருவர், "பொம்பளைக்குப் பந்து எங்க கண்ணுக்குத் தெரியப்போவுது!" என்று கத்தினார். மிவாகோ மெதுவாகத் திரும்பினார். "உங்களுக்கு அன்னிக்குச் சிவப்பு விளக்கே தெரியலையே, நெனப்பிருக்கா?" என்றார். இது மட்டும் எல்லாருக்கும் கேட்டது. அந்த மனிதர் ஓட்டுநர் பள்ளியில் மூன்று தடவை பரீட்சையில் தோற்றவர். அதன்பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகள் அவர் கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தே ஆட்டம் பார்த்தார்.

குரல் வரவில்லையே என்று மிவாகோ மதிய இடைவேளையில் பயிற்சிக் காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்து "ஸ்ட்ரைக்! அவுட்!" என்று கத்திப் பழகினார். வகுப்புக்குக் காத்திருந்தவர்கள் இதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, டீச்சர் இன்று சரியில்லை என்று நேரத்தை மாற்றிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் குரல் வந்துவிட்டது. ஆற்றங்கரை மைதானத்தில் அவர் "அவுட்" என்றால் அக்கரையில் தூண்டில் போடுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். மகன் வளர்ந்து ஒசாகாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மிவாகோ மட்டும் மட்டைக்காரன் நிற்கிற பிளேட்டுக்குப் பின்னால் நிற்பதை விடவில்லை. எனக்கும் அப்படித்தான், என் மகள் ஆடுவதை நிறுத்திய பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பிடித்து வைத்தது மிவாகோதான். "நீங்க தப்பாச் சொன்னாக்கூட சத்தமாச் சொல்றீங்க ஹொரிகாவா, அது போதும்" என்பார்.

இப்போது ஒகிமோத்தோவுக்கு வருகிறேன். கட்டடச் சாமான் கடை வைத்திருப்பவர். ஃபால்கன்ஸ் அணிக்கு இருபது வருஷத்துக்கு மேல் கோச். ஒரு தடவை மாகாண அரையிறுதி வரை போனவர்கள். அந்தப் போட்டோ கடையில் சிமெண்ட் மூட்டைகளுக்கு மேலே இன்னும் தொங்குகிறது. அந்த மனிதருக்குப் பேஸ்பால் தெரியும், அதில் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாய் இருக்கிறதே, அது சாக்கடை. பத்து வயசுப் பையன் பந்தைக் கோட்டை விட்டால், "ஒனக்கு எதுக்குடா கை? வித்துட்டு வா!" என்பார். பந்து எறிகிற எதிரணிப் பையன் கொஞ்சம் தடுமாறினால் போதும், பெஞ்சில் இருக்கும் தன் பிள்ளைகளை விட்டே, "பிட்சர் பயந்துட்டான்! பிட்சர் அழுவுறான்!" என்று கோரஸாகக் கத்த வைப்பார். பெற்றவர்களும் சேர்ந்து கத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை கத்திவிட்டுத் திங்கட்கிழமை என் கடையில் வந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை என்று பேசுவார்கள். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது நான் எவ்வளவு பொறுமைசாலி என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொரு அநியாயமும் உண்டு. குட்டையான பையன்களை மட்டையைச் சுழற்றவே விடமாட்டார். குட்டைப் பையனுக்கு நேராகப் பந்து போடுவது கஷ்டம். சும்மா நின்றால் நாலு பந்து வெளியே போய்விடும், பையன் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்துவிடலாம். விதிப்படி சரிதான். ஆனால் மட்டை பிடிக்க ஆசைப்பட்டு வந்த பிள்ளை, வருஷக்கணக்காக ஒரு பந்தைக்கூட அடிக்காமல் சிலை மாதிரி நின்று நடந்துகொண்டிருந்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? தகாமோரி இப்பெய் அப்படிப்பட்ட பையன். ஆறாம் வகுப்பு. ஃபால்கன்ஸில் எல்லாரையும்விடக் குட்டை.

ஒகிமோத்தோவை யாரும் தொட முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் சங்கத்தில் கோச்சின் சட்டை எண் முப்பது, உதவிக் கோச்சுகளுக்கு இருபத்தொன்பதும் இருபத்தெட்டும். இந்த எண் போட்ட பெரியவர் ஒருவராவது பெஞ்சில் இல்லையென்றால் அணி ஆட முடியாது, தோற்றதாகக் கணக்கு. அந்த வருஷம் இருபத்தெட்டு வசந்தத்தில் ஓடிப்போனார். இருபத்தொன்பது மழைக்காலம் வரை தாங்கினார். இரண்டு சட்டைகளையும் ஒகிமோத்தோ கடை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். ஆக, பெஞ்சில் அவர் ஒருவர்தான். அவரை வெளியே அனுப்பினால் பிள்ளைகள் தோற்றார்கள். இது அவருக்குத் தெரியும், எல்லா அம்பயர்களுக்கும் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

செப்டம்பரில் இறுதியாட்டம் வந்தது. ஃபால்கன்ஸுக்கும் துறைமுகப் பக்கத்து டால்பின்ஸுக்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அடுத்த வருஷம் நடுநிலைப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். காலையில் சங்கத் தலைவர் நகாமினே எங்கள் இருவரையும் ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் சண்டை வரும் என்றால் கழிப்பறைக்குப் போய்விடுகிறவர்.

"டீச்சர், இன்னிக்கு ஒரு நாள் கண்டும் காணாம இருங்க. அந்தாளு வாயில எது வந்தாலும் காதுல வாங்காதீங்க. பசங்க ஆட்டத்த முழுசா ஆடி முடிக்கணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

"நானும் அதத்தான் வேண்டிக்கறேன்" என்றார் மிவாகோ. மனசாரத்தான் சொன்னார். அவர் கவசத்தின் வாரை இறுக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்ததுமே கோரஸும் ஆரம்பித்தது. டால்பின்ஸின் பிட்சர் கைசெய், ஐந்தாம் வகுப்பு, காது மட்டும் பெரியதாக வளர்ந்துவிட்ட பையன். "யானக்காது! யானக்காது! பந்து எங்க போவுது!" என்று ஃபால்கன்ஸ் பெஞ்ச் ராகம் போட்டது. ஒகிமோத்தோ கையால் தாளம் போட்டார். மிவாகோ ஆட்டத்தை நிறுத்தி ஒரு எச்சரிக்கை கொடுத்தார். கோரஸ் அடங்கி, பெற்றோர் பக்கத்திலிருந்து கிளம்பியது. கைசெயின் காதுகள் சிவந்துவிட்டன. அவன் கீழே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினான், அவிழாத கயிற்றை.

மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ஒகிமோத்தோ வழக்கம்போலச் சட்டை மாற்றினார். வேர்வை அவருக்கு ஆகாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதியில் முப்பது போட்ட இன்னொரு உலர்ந்த சட்டை வேண்டும், அதுவும் மடிப்புக் கலையாமல். அன்று டீ முறை யாசுயோவுக்கு. ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்க்கிற பெண், வாய் பேசாதவர் என்று நான் நினைத்திருந்தேன். ஒகிமோத்தோ ஈரச் சட்டையைக் கழற்றி அவர் மேல் வீசினார். அது அவர் தோளில் விழுந்தது. யாசுயோ அதை எடுத்துப் பெஞ்சுக்குப் பின்னால் வலையில் காயப்போட்டார்.

நாலாவது இன்னிங்ஸில் ஃபால்கன்ஸ் இரண்டு ரன் பின்தங்கியிருந்தது. இப்பெய் மட்டையோடு வந்தான். பெஞ்சிலிருந்து சைகை வந்தது, அசையாதே. இரண்டு பந்து வெளியே போனது. மூன்றாவது பந்து மெதுவாக, வயிற்றுக்கு நேராக, வாடா என்று கூப்பிடுகிற மாதிரி வந்தது. பையனால் தாங்க முடியவில்லை. சுழற்றினான், தவறவிட்டான். அடுத்ததையும் சுழற்றினான், அதற்கடுத்ததையும். மூன்று ஸ்ட்ரைக். அவுட்.

திரும்பிப் போனவனை ஒகிமோத்தோ பெஞ்சுக்குள் விடவில்லை. வெளியே சரளைக்கல்லில் மண்டி போட வைத்தார். செப்டம்பர் வெயிலில் அந்தக் கல் எப்படிச் சுடும் என்று எனக்குத் தெரியும். "அங்கயே கெட! ஒன்ன வச்சு ஆடறதுக்கு எட்டுப் பேரோட ஆடலாம். ஒங்கப்பன் ஒனக்கு மட்ட வாங்கிக் குடுத்த காசுக்கு ஒரு கோழி வாங்கியிருந்தா முட்டயாச்சும் போட்டிருக்கும்!" பெற்றோர் பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். இப்பெயின் அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிவாகோ கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தினார். மாஸ்கைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஃபால்கன்ஸ் பெஞ்சை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், மிவாகோவைப் பிடித்து நிறுத்தத்தான்.

"கோச், பையன எழுப்புங்க."

"அது எங்க வீட்டு விஷயம். நீங்க பந்தப் பாருங்க."

"வெள்ளக் கோட்டுக்குள்ள நடக்கற எல்லாம் என் விஷயம்."

"டீச்சரம்மா, இது காரு இல்ல. ஒங்க காலுக்குக் கீழ பிரேக் ஒண்ணும் கெடையாது." அவர் பெற்றோர் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

மிவாகோ குனிந்து, "இப்பெய், எந்திரிப்பா" என்றார்.

பையன் எழுந்திருக்கவில்லை. முழங்காலில் கல் குத்தி ரத்தம் வந்திருந்தது. ஆனாலும் அசையவில்லை. அவன் பார்வை ஒகிமோத்தோவின் முகத்தில் இருந்தது, அவர் தலையசைப்பாரா என்று. அம்பயர் சொன்னால்கூட எழலாமா கூடாதா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிவாகோவின் முகத்தைப் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை, ரிவர்ஸில் போகிறவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அதே முகம்.

"பாத்தீங்கல்ல? எம் பசங்க" என்றார் ஒகிமோத்தோ. பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்ன, வெளிய அனுப்பணுமா? அனுப்புங்க. நான் போனா இதுங்க தோத்துச்சு. கடைசி ஆட்டம். பத்துப் பதினோரு புள்ளைங்க இன்னிக்கு ராத்திரி அழுவும். அந்தப் பாவம் ஒங்க தலையில."

மிவாகோ பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒரு முறை பார்த்தார். அவ்வளவு பேரும் கையை முழங்காலில் வைத்து விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிடுவார் என்று நான் நினைத்தேன். நான் என்றால் திரும்பியிருப்பேன். அவருடைய வலது கை மேலே போனது.

"கோச் வெளியேற்றம்!"

அக்கரையில் தூண்டில்காரன் நிமிர்ந்தான். ஹமாசே மைதானத்தில் அந்தச் சொல் அதற்கு முன் ஒலித்ததே இல்லை.

ஒகிமோத்தோ சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. "சரி. சட்டையோட போறேன். முப்பது இல்லாம எப்படி ஆடறீங்கன்னு பாக்கறேன்" என்று கரைமேட்டைத் தாண்டிக் கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டார். லாரிக் கதவு அறைந்த சத்தம் கேட்டது. அதுவரை அழாத பிள்ளைகள் இப்போது அழ ஆரம்பித்தார்கள். நகாமினே ஓடிவந்தார். "என்ன டீச்சர் இது! காலையிலதானே சொன்னேன்! இப்ப நான் தோல்வின்னு அறிவிக்கணும். வேற வழியே இல்ல."

அந்த நேரத்தில் மிவாகோவுக்கு வேறு திட்டம் எதுவும் கிடையாது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பையனை எழுப்ப வேண்டும், அது மட்டும்தான் தெரிந்தது. இந்தப் பிள்ளைகளின் கடைசி ஆட்டத்தைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்தபடி நின்றிருக்கிறார்.

அப்போதுதான் யாசுயோ எழுந்தார். டீக் குவளைகளைக் கீழே வைத்தார். வலைக்குப் போய், அதில் தொங்கிக்கொண்டிருந்த ஈரச் சட்டையை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். "ஐயோ கர்மமே" என்றார். தலை வழியாக அதை மாட்டிக்கொண்டார். சட்டை முழங்கால் வரை வந்தது. முதுகில் முப்பது என்ற எண் இடுப்புக்குக் கீழே தொங்கியது. யாசுயோ நேராகப் போய்ப் பெஞ்சின் ஓரத்தில், ஒகிமோத்தோவின் இடத்தில், உட்கார்ந்தார்.

நகாமினே வாயைப் பிளந்தார். "இவங்க எப்படி? இவங்க டீ முறைக்கு வந்தவங்க!"

மிவாகோவுக்கு உயிர் வந்துவிட்டது. "முப்பதாம் நம்பர் சட்ட போட்ட பெரியவங்க ஒருத்தர் பெஞ்சுல இருக்கணும். இருக்காங்களா இல்லியா?"

"இருக்காங்க, ஆனா..."

"ஆம்பளயா இருக்கணும்னு விதி இருக்கா? கத்தத் தெரிஞ்சிருக்கணும்னு இருக்கா?"

நகாமினே வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "எதிர் டீம் ஒத்துக்கிட்டா நான் ஒண்ணும் சொல்லல" என்றார். எப்போதும்போல இன்னொருவர் தலையில் கட்டிவிட்டார்.

டால்பின்ஸ் கோச் ஹினாத்சு, தபால்காரர். டால்பின்ஸ் அதுவரை கோப்பையே வாங்கியதில்லை. "முடியாது" என்று ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை அவர் மடியில். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தன் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "டேய், இப்பவே நாம ஜெயிச்சதா எழுதிடலாம். இல்ல, மிச்சத்த ஆடலாம். என்னங்கறீங்க?" என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைசெய்தான் வாயைத் திறந்தான். "கோச், அந்த நாலாம் நம்பர் அண்ணன் என் பந்த ரெண்டு தடவ அடிச்சிட்டான். அவன நான் இன்னும் அவுட்டாக்கல."

"அதுக்கு?"

"ஆக்கணும்ல?"

ஹினாத்சு சிரித்துவிட்டார். "அப்ப ஆடுவோம்" என்று மிவாகோவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். இப்பெய் எப்போது எழுந்தான் என்று நான் கவனிக்கவில்லை. யாசுயோ அவன் முழங்காலை ஒகிமோத்தோவுக்கு ஐஸில் நனைத்து வைத்த துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு நடந்த ஆட்டம் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஃபால்கன்ஸ் பிள்ளைகள் ஒவ்வொரு பந்துக்கும் பழக்கத்தில் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். யாசுயோவுக்குச் சைகையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. சட்டை நாற்றம் தாங்காமல் மூக்கைத் தேய்த்தார். உடனே முதல் பேஸில் நின்றவன் அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டான். பிழைத்தும்விட்டான். "நான் ஒண்ணும் சொல்லலடா! எனக்கு மூக்கு அரிச்சுது!" என்று யாசுயோ அலறினார். பெஞ்ச் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு அப்பா பழக்கதோஷத்தில் கைசெயைப் பார்த்து "யானக்..." என்று ஆரம்பித்தார். அவர் மனைவி கையிலிருந்த சோற்று உருண்டையை அப்படியே அவர் வாயில் அடைத்தார்.

கடைசி இன்னிங்ஸில் டால்பின்ஸ் ஐந்து, ஃபால்கன்ஸ் நாலு. மட்டை ஃபால்கன்ஸ் கையில். ஒருவன் அவுட். இரண்டு பேர் பேஸில் நின்றார்கள். நாலாம் நம்பர் அண்ணன் வந்தான். கைசெய் காது சிவக்கச் சிவக்கப் பந்து போட்டான். மூன்றாவது ஸ்ட்ரைக்கை மிவாகோ அறிவித்ததும் அந்தரத்தில் குதித்தான் பாருங்கள், ஆட்டமே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஃபால்கன்ஸ் பக்கத்து அம்மாக்களே கைதட்டினார்கள். அந்த நாலாம் நம்பர் பையனும் போகிறபோது கைசெயைப் பார்த்து, "செம பந்துடா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு பேர் அவுட். அடுத்தது இப்பெய்.

முதல் பந்து வெளியே. இரண்டாவது வெளியே. மூன்றாவதும் வெளியே. இன்னும் ஒன்று வெளியே போனால் இலவச நடை. இந்த நிலைமையில் மட்டையை அசைத்தால் ஒகிமோத்தோ சட்டப்படி கொலைக்குற்றம். இப்பெய் பெஞ்சைப் பார்த்தான். வேறென்ன செய்வான், வருஷக்கணக்காகப் பார்த்த கண் அல்லவா. யாசுயோ இரண்டு கையையும் விரித்தார்.

"என்ன எதுக்குடா பாக்கற! பந்தப் பாரு!"

பந்து வந்தது. இப்பெய் சுழற்றினான். மட்டையில் பட்ட சத்தம் கரைமேடு வரை கேட்டது. பந்து என் தலைக்கு மேலே போய், பிடிக்க ஓடி வந்த டால்பின்ஸ் பையன்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து, ஆற்றோர நாணல் பக்கம் உருண்டது. பேஸில் நின்றவர்களில் ஒருவன் வந்து பிளேட்டை மிதித்தான். இன்னொருவன் விழுந்து, எழுந்து, தவழ்ந்து வந்து மிதித்தான். மிவாகோ குனிந்து பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் வேலை அது. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து "சேஃப்!" என்று கத்தினார். அந்தக் குரல் உடைந்திருந்தது. அம்பயர் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, நான் விசாரித்துவிட்டேன்.

ஃபால்கன்ஸ் ஆறு, டால்பின்ஸ் ஐந்து. இரண்டு அணியும் எதிரெதிரே வரிசையில் நின்று வணங்கிக்கொண்டன. ஃபால்கன்ஸ் பிள்ளைகள் அதற்குப் பிறகு எப்போதும் செய்வதைச் செய்தார்கள். ஓடிப்போய் முப்பதாம் எண் சட்டைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி வரிசையாக நின்றார்கள். ஜெயித்தாலும் ஒரு மணி நேரம் திட்டு உண்டு, அதற்காக. யாசுயோவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. கையைப் பிசைந்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"பசிக்குதா?" என்று கேட்டார் யாசுயோ.

"பசிக்குது!" என்று ஊரே அதிர்ந்தது. பொரித்த மீன் வடைப் பாத்திரம் திறந்தது. டால்பின்ஸ் பிள்ளைகளும் வந்து கை நீட்டினார்கள். கைசெய் நாலு தின்றான்.

மிவாகோவை இனி அம்பயராக வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த வாரம் சங்கத்தில் பேச்சு வந்தது. ஒகிமோத்தோவின் ஆட்கள் இரண்டு பேர், கோச்சை அவமானப்படுத்திவிட்டார் என்றார்கள். நான் எழுந்து என் அம்பயர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "டீச்சர் இல்லன்னா நானும் இல்ல" என்றேன். ஹினாத்சு வைத்தார். பிறகு ஒவ்வொருவராக. சிவப்பு விளக்கு தெரியாத அந்த மனிதரும் வைத்தார். அவருக்குத் தொப்பி இல்லை, கைக்குட்டையை வைத்தார். கூட்டம் முடிகிறபோது நகாமினே மிவாகோவையே அம்பயர்களுக்குத் தலைவராக்கிவிடலாம் என்றார். "எனக்கு பிளேட்டுக்குப் பின்னால நின்னாப் போதும். மேஜைக்குப் பின்னால வேணாம்" என்றார் மிவாகோ. பெஞ்சில் கத்துவதும் கல்லில் மண்டி போட வைப்பதும் அன்றோடு ஒழிந்தது. முப்பதாம் எண் சட்டை யாசுயோவிடமே தங்கிவிட்டது. இரண்டு தடவை துவைத்தேன் என்று சொன்னார்.

ஒகிமோத்தோ குளிர்காலம் முழுக்க என் கடைக்கு வரவில்லை. வசந்தத்தில்தான் வந்தார், முடி காது வரை வளர்ந்து. நாற்காலியில் உட்கார்ந்தார். ரேசரை எடுத்துக் கழுத்துக்குப் பின்னால் வைத்தபோது மெல்லக் கேட்டார்.

"அந்தச் சின்னவன் அடிச்சானே. எங்க போச்சு பந்து?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் லாரிக்குள் உட்கார்ந்திருந்தார். நடுவில் கரைமேடு. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. ஊரே பார்த்ததை அவர் ஒருவர் பார்க்கவில்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "நான் தூரத்துல நின்னேன். டீச்சரக் கேளுங்க" என்றேன். வரமாட்டார் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் மிவாகோ கவசத்தைத் தளர்த்திவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒகிமோத்தோ வேலிக்கு வெளியிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி, என்னிடம் கேட்டதையே கேட்டார்.

"நான் பாத்தேன்தான். ஆனா அடிச்சது நான் இல்லியே" என்றார் மிவாகோ. "அதோ நிக்கறான். அவன்கிட்டக் கேளுங்க."

இப்பெய் நடுநிலைப் பள்ளிச் சீருடையில், தம்பியின் ஆட்டம் பார்க்க வந்திருந்தான். கூப்பிட்டதும் வந்து விறைத்து நின்றான். ஒகிமோத்தோ, "அந்தக் கடைசிப் பந்து... சொல்லேன்" என்றார். பையன் முதலில் தரையைப் பார்த்துச் சொன்னான். "உள்ள வந்துச்சு கோச். கொஞ்சம் தாழ்வா." பிறகு கை தானாக மேலே வந்தது. இல்லாத மட்டையைப் பிடித்தான். கால் எங்கே இருந்தது, தோள் எப்படித் திரும்பியது, நாணல் வரை எப்படி உருண்டது என்று சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. ஒகிமோத்தோ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அந்த மனிதர் ஒரு பிள்ளை பேசுவதைக் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கடிகாரத்தைக் காட்டினேன். மிவாகோ மாஸ்கை மாட்டிக்கொள்ளவில்லை.

"இருங்க ஹொரிகாவா" என்றார். "அவன் இன்னும் முடிக்கல."